விருந்தாளியாக வந்த மகள்

எங்கள் சபையில் பாட்டுப் பாட ஆள் இருக்கிறது. ஜெபம் பண்ண ஆள் இருக்கிறது. வேதம் வாசிக்க மைக்குக்கு முன்னால் வரிசையே நிற்கும். வடக்கே ஊழியத்துக்குப் போன மிஷனரி குடும்பங்கள் ஊருக்கு வரும்போது ரயிலடிக்குப் போய்ப் பெட்டி தூக்கத்தான் ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார் என்பதால் அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது. விழுந்தது என்று வெளியில் சலித்துக்கொள்வேனே தவிர, வேறு யாராவது கேட்டு வந்திருந்தால் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

நான் பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறவள். முந்தானை ஓரத்தில் தொங்கும் நூல்களைச் சேர்த்து முடிச்சுப் போடும் வேலை. கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது என்று போனைக் காதில் இடுக்கிக்கொண்டு பாதி ஏற்பாட்டை உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடுவேன். வாடகைக்கு வீடு, கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், துடைப்பம், குளியலறைக்கு பக்கெட். சபைக் குழுவில் இருக்கும் ஆண்களைக் கேட்டால், எல்லாவற்றையும் ஜெபத்தில் வைத்திருக்கிறோம் என்பார்கள். ஜெபத்தில் வைத்தால் பக்கெட் வருமா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை, வேலையை மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கும் அதுதான் வசதி.

லீவில் வந்து போகிறவர்களால் தொந்தரவு இல்லை. புளியும் அப்பளமும் இட்லி அரிசியும் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக ரயில் ஏறிவிடுவார்கள். ஒரேயடியாக ஊர் திரும்புகிறவர்கள்தான் தவித்துப்போவார்கள். ஒருவர் மார்க்கெட்டில் நின்று கத்தரிக்காய் விலையை இந்தியில் கேட்டார். வெளியூர்க்காரர் என்று நினைத்துக் கடைக்காரர் விலையை ஏற்றிச் சொல்ல, இவரும் கொடுத்துவிட்டு வந்தார். காட்டு வழியில் தனியாகப் பல மைல் நடந்து பழகிய ஒரு அம்மா, பேருந்து நிலையத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொந்த ஊரில் வழி தெரியாமல் நிற்பது ஒரு மாதிரியான வெட்கம். முதல் இரண்டு மாதம் அவர்கள் கூட யாராவது இருந்தால் போதும், பிறகு பழகிவிடும்.

இப்படி வந்தவர்களில் நான் அதிகமாகத் திண்டாடியது ஜார்கண்டிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தோடு. கணவன், மனைவி இரண்டு பேரும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். கல்யாணமான கையோடு மலைக் கிராமத்துக்குப் போனவர்கள். அங்கே நல்ல பள்ளிக்கூடம் இல்லாததால், ஒரே மகளை ஆறு வயதிலேயே தமிழ்நாட்டுத் தெற்குப் பக்கம் இருந்த மிஷனரி பிள்ளைகள் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் லீவில் வந்து ஹாஸ்டலிலேயே சில நாள் தங்கிப் போகும்போதுதான் அப்பா அம்மா முகம். அந்தப் பெண் பத்தாம் வகுப்பு எழுதி முடித்தபோது அம்மாவுக்கு மனம் தாங்கவில்லை. இன்னும் இரண்டு வருஷம் போனால் காலேஜ், அப்புறம் வேலை, கல்யாணம். பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கக் கிடைத்திருப்பது ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ என்ற அந்த இரண்டு வருஷம் மட்டும்தான் என்று அழுது, கணவனைச் சம்மதிக்க வைத்து, ஊழிய அலுவலகத்தில் கேட்டு, இங்கேயே செய்யும்படி மொழிபெயர்ப்பு வேலை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் அந்தப் பெண் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஹாஸ்டலில் அவள் கட்டில் அப்படியே இருந்தது, தோழிகள் இருந்தார்கள், ப்ளஸ் ஒன் சீட்டும் தயாராக இருந்தது. கட்டாயப்படுத்தினால் கசந்துபோகும் என்று அப்பாவுக்குப் பயம். லீவு முழுக்க எங்களோடு இருந்து பார், பள்ளிக்கூடம் திறக்கும்போது எங்கே படிக்கப் போகிறாய் என்று நீயே சொல், நாங்கள் மறுக்க மாட்டோம் என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆக, கோடை லீவு ஒன்றுதான் அந்த அம்மாவின் கையில் இருந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷன் பிடித்துக் கொடுத்தேன். கீழே வீட்டுக்கார அம்மா தெலுங்கு பேசும் நெசவுக்காரர். கறி மீன் சமைப்பார்களா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சமைப்பார்கள் என்று தயங்கிச் சொன்னேன். அப்படியென்றால் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரட்டும் என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். நானே போய் அடுப்பு வாங்கி, ரெகுலேட்டர் மாட்டி, தீப்பெட்டி முதற்கொண்டு வைத்துவிட்டு வந்தேன்.

அப்பா அம்மாவை சென்ட்ரலில் இறக்கிக் கூட்டி வந்தோம். மறுநாள் காலை மகள் தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தாள். ஒல்லியான, நெடுநெடுவென்ற பெண். அவள் இறங்குவதற்கு முன்பே அம்மா பஸ்ஸின் கதவருகே ஓடிவிட்டாள். கட்டிப்பிடிக்கக் கையை நீட்டியபோது அந்தப் பெண் இரண்டு கையையும் கூப்பி, "ஸ்தோத்திரம்மா" என்றாள். ஹாஸ்டலுக்கு யார் வந்தாலும் அப்படித்தான் சொல்லப் பழக்கியிருப்பார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கும் அதே ஸ்தோத்திரம், எனக்கும் அதே ஸ்தோத்திரம். அம்மாவின் கை நீட்டியபடியே நின்று, பிறகு பையை வாங்கிக்கொண்டது.

இனி நடந்தது எங்கள் சபை மட்டுமே செய்யக்கூடிய காரியம். ஊழியத்திலிருந்து ஒரு குடும்பம் திரும்பி வந்தால், வீட்டுக்கு வீடு முறை வைத்து விருந்து போடுவது எங்கள் வழக்கம். மத்தியானம் ஒரு வீடு, இரவு ஒரு வீடு, காலைக்கு இட்லியும் பிளாஸ்கில் காபியும் வீடு தேடி வரும், எல்லாரும் ஒரு சுற்று முடிக்கும்வரை. இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் தாத்தாமார் தாமல் ஏரித் தண்ணீர் பாயும் வயல்களில் அடுத்தவருக்கு நாற்று நட்டவர்கள். பசித்தால் நிலக்காரர் வீட்டுக் கொல்லைப்புறமாகப் போய்க் கூழைக் கையேந்தி வாங்கிக் குடிக்க வேண்டும். இன்று எங்களில் டீச்சர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், ஜவுளிக்கடை மேனேஜர் இருக்கிறார். ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் உட்காரவைத்து இலை போட்டுப் பரிமாறுவதில் எங்களுக்கு இருக்கும் பெருமை வேறு யாருக்கும் புரியாது. அதனால் விருந்துக்கு வர முடியவில்லை என்று யாராவது சொன்னால், வயிறு சரியில்லை போல என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. என் வீட்டுச் சோறு அவர்களுக்கு ஆகாது என்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

எனவே அந்தக் குடும்பமும் தினமும் குளித்து, தலைசீவி, வேனிலோ ஆட்டோவிலோ ஏறி வீடு வீடாகச் சாப்பிடப் போனது. பிரியாணி, கோழிக் குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய், பாயசம். அந்தப் பெண் எல்லா வீட்டிலும் வைத்ததைச் சாப்பிட்டாள். "நல்லா இருக்குது ஆன்ட்டி" என்று ஒரே குரலில் சொன்னாள். சாப்பிட்ட இலையைத் தானே எடுத்துப் போட்டு, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எவ்வளவு நல்ல வளர்ப்பு என்று பெண்கள் எல்லாரும் மெச்சினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது, ஆனால் என்ன என்று புரியவில்லை.

மே மாதம் பாதி போயிருந்தது. அடுப்பு நன்றாக எரிகிறதா என்று பார்க்க ஒருநாள் மாடிக்குப் போனேன். அந்தப் பெண் அப்பாவோடு பழச்சாறு குடிக்கப் போயிருந்தாள். அடுப்பு மேடையைப் பார்த்தால், கடையில் ஒட்டிக் கொடுத்த ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை. ஏன் பால்கூடக் காய்ச்சவில்லையா என்று கேட்டேன். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவளுக்கு இன்னா பிடிக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா. காரம் வேணுமா, வேணாமா, தோசை முறுகலா வேணுமா, ஒண்ணுமே தெரியாது. அவளைக் கேட்டா எது குடுத்தாலும் சாப்புடுவேன்றா. ஊர்ல எல்லாரும் அவளுக்குச் சோறு போட்டுட்டாங்க. பெத்தவ நான் இன்னும் ஒரு வேளை போடலை. லீவு போயிக்கினே இருக்குதுக்கா."

விருந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன். எப்படிச் சொல்வது என்று அவள் கேட்டாள். இத்தனை வருஷம் மாசாமாசம் காணிக்கை அனுப்பித் தங்களைத் தாங்கியவர்கள் இவர்கள்தான், அவர்கள் வீட்டுச் சோற்றை எப்படி வேண்டாம் என்பது என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். எனக்குப் பொத்துக்கொண்டு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. எங்கள் அன்பு அந்தப் பெண்ணின் லீவை வேளை வேளையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர், ஆனால் ஒருவர் முகம் வாடினால் தாங்க மாட்டார். சொல்வது சரிதான், மனசு நோகாமல் நீங்களே எல்லாரிடமும் பேசிவிடுங்கள் என்று என்னிடமே தள்ளிவிட்டார். அடுத்த விருந்து முறை முசரவாக்கத்தில் இருந்த ஒரு அம்மாவுடையது. சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை விருந்துக்கு ஆட்டுக்கறிக்குச் சொல்லி வைத்து, தெருவுக்கே தெரியப்படுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கஷ்டமான இடத்தில் முதலில் போய்விட்டால் மற்றது தானாக நடக்கும் என்று அவரிடமே போனேன்.

அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். விருந்தை நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டதும் கை நின்றது.

"எங்கூட்டுச் சோறு அவங்களுக்கு எறங்காதாமா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் போனேன். சுற்றி வளைக்காமல் உள்ளதைச் சொன்னேன். ஆறு வயதில் போன பிள்ளை, அம்மா கையால் சாப்பிட்டதே அவளுக்கு ஞாபகம் இருக்காது, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்த அம்மா நாலு வேளையாவது சமைத்துப் போடாவிட்டால் பிள்ளை திரும்பவும் ஹாஸ்டலுக்குப் போய்விடும் என்றேன். அவர் மறுபடி அரிசியைப் புடைத்தார். நான் எழுந்து கிளம்பலாமா என்று நினைத்த நேரத்தில், "ஆக்கித்தான் போடக் கூடாது. ஆக்காம குடுக்கலாம் இல்ல" என்றார்.

அன்றைக்கே அந்தப் புடைத்த அரிசியைப் பையில் கட்டி வேனில் ஏற்றினார். மற்ற வீடுகளுக்கும் அவரே போன் போட்டுவிட்டார். சத்துணவுக் கூடத்தில் அதட்டிப் பழகிய குரல், யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க மாடிப்படியில் சாமான் ஏறிக்கொண்டே இருந்தது. துவரம்பருப்பு, முருங்கைக்காய், தேங்காய். எல்லாரும் ஒன்றுபோல யோசித்ததில் கத்தரிக்காய் மட்டும் மூட்டை கணக்கில் சேர்ந்துவிட்டது. ஒருவர் உயிரோடு நாட்டுக்கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுவந்தார். அறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அது மொட்டை மாடியில் நடமாடிக்கொண்டு, காயப்போட்ட துணியை அசிங்கம் பண்ணியது. வீட்டுக்கார அம்மா அதற்குத் தெலுங்கில் ஒரு பேர்கூட வைத்துவிட்டார்.

அடுப்பு எரிய ஆரம்பித்தது. இனிமேல் சரியாகிவிடும் என்று நானும் நிம்மதியாகக் குஞ்சம் கட்ட உட்கார்ந்தேன். அவ்வளவு சுலபமாக எதுவும் சரியாகிவிடுவதில்லை. அந்த அம்மா இத்தனை வருஷம் வடக்கே கடுகு எண்ணெயில் சமைத்துப் பழகியவள். வரும்போது இரண்டு டின் பெட்டியில் வைத்துக்கொண்டும் வந்திருந்தாள். கத்தரிக்காய் வதக்கினாலும் அந்த எண்ணெய், முட்டை பொரித்தாலும் அந்த எண்ணெய். மூக்கில் ஏறுகிற நெடி. நானே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவசரமாகத் தண்ணீர் குடித்தேன். அந்தப் பெண் மட்டும் முகம் மாறாமல் சாப்பிட்டாள். "நல்லா இருக்குது, தேங்க்ஸ்மா" என்றாள். பெற்ற அம்மாவுக்குத் தேங்க்ஸ். அதைச் சொன்னபோது அம்மா முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

பார்க்கப் பார்க்க அம்மாவிடமும் கோளாறு இருப்பது தெரிந்தது. அவள் மகளுக்குத் தண்ணீர் கேட்பதற்கு முன்பே ஊற்றினாள். போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, மின்விசிறியைக் கூட்டவா என்று பக்கத்திலேயே நின்றாள். நாங்கள் விருந்து போட்டதைத்தான் இவளும் வீட்டுக்குள் செய்துகொண்டிருந்தாள். என் வாய் சும்மா இருக்குமா. அவளை மாடிப்படிக்குக் கூப்பிட்டு, "பெத்த பொண்ணை ஓட்டல்ல கவனிக்கிற மாதிரி கவனிக்காத. தப்பு பண்ணா ரெண்டு திட்டு திட்டு" என்றேன்.

"திட்டினா போயிடுவாளேக்கா" என்றாள்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்கூட இல்லை. ப்ளஸ் ஒன்னுக்கு அங்கே வருகிறாளா என்று ஹாஸ்டலிலிருந்து வார்டன் போன் செய்து கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அந்தப் பெண் சொன்னாளாம். அடுத்த நாள் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். திங்கட்கிழமை செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வேன் வேண்டியிருக்கும் போலிருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். போகிறேன் என்று சொல்லிவிட்டாளா என்று கேட்டேன். வாயால் சொல்லவில்லை, ஆனால் பெட்டியை எடுத்துத் துடைத்து வெளியே வைத்திருக்கிறாள், வாக்குக் கொடுத்தவன் நான், தடுக்க முடியாது என்றார். பேசும்போது என்னைப் பார்க்கவில்லை, வேன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு முடிச்சே விழவில்லை. போட்ட குஞ்சத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம், வேன் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வரக் கிளம்பினேன். மனமே இல்லாமல்தான் போனேன். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் படி ஏறியபோது மேலே தட்டை நகர்த்தும் சத்தம், அப்புறம் அந்தப் பெண்ணின் குரல். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எனக்கு வேணாம். தினமும் இதே நாத்தம். சோத்துல கலந்தாலே வயித்தைப் புரட்டுது."

"இத்தினி நாளா நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு நீதானேடி சொன்ன."

"நீ அழுவியேன்னு சொன்னேன்."

"பிடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்லணும். உன் மனசுல இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்? காலையில இருந்து அடுப்புகிட்ட நின்னுக்கினு இருக்கேன், உனக்கு எகத்தாளமா இருக்குதா?" அம்மா திட்டினாள். நிஜமாகவே திட்டினாள். குரல் கீழ் வீட்டுக்குக் கேட்கும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

"உன்னை யாரு நிக்கச் சொன்னது? ரெண்டு வருஷமும் நான் இந்த எண்ணெய்லயேதான் சாப்புடணுமா? அதைச் சொல்லு."

மேலே சத்தம் நின்றுவிட்டது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருஷம் என்றால் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ. தான் என்ன சொன்னோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததா, தெரியாமலே வாயில் வந்ததா, இன்றுவரை நான் கேட்டதில்லை. உள் அறையில் நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்து வந்திருப்பார். கடைசியில் அம்மாதான் பேசினாள். கோபத்தை விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

"எந்த எண்ணெய்தான் வேணும்னு சொல்லித் தொலை. வாங்கியாரேன்."

"கடலை எண்ணெய்" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "காரமும் கம்மியா போடு" என்றாள்.

வேன் நேரத்தைக் கேட்காமலே நான் திரும்பிப் படி இறங்கினேன். கீழே தறிச் சத்தம் நின்றிருந்தது. வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்து, முகத்தில் கவலையோடு மேலே கையைக் காட்டினார்.

"இன்னாமா அது சண்டை? நல்ல பொண்ணாச்சே. ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணும் இல்லைமா" என்றேன். "பொண்ணு வீட்டுக்கு வந்துடுச்சு."